பிரிக்காத கடிதமும் கண்ணாடிக்காரரும்

மழை பிடித்துக்கொண்ட அந்தத் தெருவை அவள் முறைப்படிதான் கடக்கப் போனாள். முதலில் வலது பக்கம் பார்த்தாள். அப்புறம் இடது. மறுபடி வலது... ஒன்றுமில்லை. காலை எடுத்து வைத்தாள்.

பதினாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் 'மாஸ்டரம்மா' என்றால் தெரியாதவர் இல்லை. பாதி ஊருக்கு ரோட்டைப் பார்க்கவே அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும். கடல் தாண்டி வந்திருக்கும் இந்த ஊரில் வலப்பக்கம் ஓடுகின்றன. விமானத்தை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் ஆகியும் அவள் கழுத்துக்கு இது உறைக்கவில்லை.

தோள்பையை யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள். ஒரு வேன் அவள் மூக்கை உரசாத குறையாகப் போனது. உடம்பு பிழைத்தது. மூக்குக் கண்ணாடி பிழைக்கவில்லை. கீழே விழுந்து, வேன் சக்கரத்தில் அகப்பட்டு, நறுக்கென்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கீங்க?" என்று ஒரு ஆண் குரல் சத்தம் போட்டது. தமிழில்.

அந்நிய ஊரில், அந்நிய மழையில், ஒருவர் தமிழில் திட்டினால் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா? மாஸ்டரம்மா இரண்டையும் ஒன்றாகவே பட்டாள்.

"கண்ணு இருந்த இடத்துலதான் இருக்கு. ரோடுதான் இடம் மாறியிருக்கு" என்றாள் விறைப்பாக.

பதிலுக்குச் சிரிப்புச் சத்தம். யார், எப்படியிருக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகமே கலைந்த கோலம்தான். உயரமாக, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நின்றது. அது குனிந்து நொறுங்கிய சட்டத்தைப் பொறுக்கி எடுத்து, உயர்த்திப் பார்த்து, மைனஸ் ஆறு இருக்குமே என்றது. வேறு கண்ணாடி பையில் இருக்கிறதா என்று கேட்டது.

இல்லை. ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுக்காதே என்று வகுப்புக்கு வகுப்பு உபதேசம் செய்கிறவள், மாற்றுக் கண்ணாடியை வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்ப எதிர்க்கடைக்கு வாங்க. கண்ணாடிக் கடை. என்னோடதுதான்" என்றார் அவர். "பயப்படாதீங்க, வியாபாரத்துக்காக வேனை நான் ஏவி விடல."

கடைக்குள் உலர்ந்த துணி வாசனையும் ஏதோ எண்ணெய் வாசனையும் கலந்திருந்தன. அவளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்தார். பாரமான சோதனைச் சட்டம் ஒன்றை மூக்கில் மாட்டினார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை இருப்பதாகச் சொன்னார். நம்ப வேண்டியதுதான்.

ஒரு வில்லையைச் செருகி, இது தெரிகிறதா என்று கேட்டார். இல்லை. இன்னொன்று... இது? கொஞ்சம். மூன்றாவதைச் செருகியபோது அவர் விலகி நிற்க மறந்துவிட்டார். பலகைக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு முழத் தூரத்தில், ஒரு முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. நாற்பதைத் தாண்டிய முகம். காதோரம் நரை. துடைக்க மறந்த ஒரு மழைத்துளி புருவத்தில் அப்படியே... அதன் கீழே இரண்டு கண்கள், அவள் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டு.

"இது... இது நல்லா தெரியுது" என்றாள்.

எத்தனையாவது வரி என்று கேட்டார். அவள் பலகையைப் பார்த்திருந்தால் அல்லவா சொல்வதற்கு. முதல் வரியோ மூன்றாவதோ என்று உளறினாள். நல்லவேளை, கண்ணாடிக் கடைக்காரர்களுக்குக் கன்னச் சிவப்பை அளக்கும் கருவி கிடையாது.

கணவர் போய் நாலு வருஷம். இந்த நாலு வருஷத்தில் எந்த முகத்தையும் இப்படிப் பார்த்ததில்லை. என்ன பெண்ணே, வந்த வேலை என்ன, பார்க்கிற வேலை என்ன என்று தன்னையே அதட்டிக்கொண்டு பையைத் திறந்தாள்.

அவள் பவருக்கு வில்லை வர இரண்டு நாளாகும் என்றார். அதுவரைக்கும் ஒரு பழைய கறுப்புச் சட்டத்தில் இருப்பதைப் பொருத்திக் கொடுத்தார். ஒரு கண்ணுக்குச் சரியாக இருந்தது, மற்றதற்குச் சுமார். சுவர்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். உள்ளிருந்து கறாரான தலைமை ஆசிரியர் ஒருவர் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதையும் பார்த்துவிட்டாள்.

"சிரிச்சா காசு தர மாட்டேன்" என்றாள். பிறகு ஒரு கடித உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதோட பின்பக்கம் ஒரு விலாசம் இருக்கு. எங்கேன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

உறை பழுப்பேறியிருந்தது. ஓரம் மழுங்கியிருந்தது. ஆனால் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. முப்பது வருஷமாக யாரும் பிரிக்கவில்லை.

கதை பெரியதில்லை. அவளுக்கு ஆறு வயதில் அப்பா இந்த ஊருக்கு வேலைக்கு வந்தார். மாசம் தவறாமல் கடிதம் போட்டார். அவளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள் வந்த உறையின்மேல் வேறு கையெழுத்து. ஒவ்வொரு கொம்பும் கொடி சுற்றுவதுபோல நீண்டு சுழித்த, அழகான, சந்தேகத்துக்கு இடமில்லாத பெண் கையெழுத்து. அம்மா உறையைப் பிரிக்கவில்லை. விலாசம் எழுதவே ஒருத்தி வந்துவிட்டாள் என்றால் உள்ளே படிக்க என்ன இருக்கிறது என்று அரிசி டிரம்முக்கு அடியில் போட்டாள். அதன்பின் அதே கையெழுத்தில் வந்த ஒவ்வொன்றையும் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஏழோ எட்டோ. பிறகு வருவது நின்றுபோனது.

'ஓடிப்போனவன் மகள்' என்று பேர் வாங்கியே அவள் வளர்ந்தாள். கல்யாணப் பந்தலில்கூட அந்தப் பேச்சு வந்தது. கணவர் மட்டும் சொல்லவில்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் சொன்னது, ஒரு தடவையாவது போய் அந்த மனுஷனிடம் ஏன் என்று கேட்டுவிட்டு வா என்பதுதான். 'நீ கத்துக்குடுக்கிற வண்டியில உன் காலடியில இருக்கிற மாதிரியே உனக்குள்ளயும் ரெண்டாவது பிரேக் ஒண்ணு இருக்கு. எப்பவும் அதுமேலயே காலை வச்சிருக்கே' என்று சிரித்தார்.

நிஜம்தான். அம்மா உறையைக் கொடுத்து மூன்று மாசமாகிறது. பிரித்துப் பார்க்க இவளுக்கும் தைரியம் வரவில்லை. உள்ளே ஒரு புதுப் பெண்டாட்டியின் பெயர் இருந்துவிட்டால்? எழுதியவர் முன்னால் வைத்தே பிரிப்பேன் என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் உறையைத் திருப்பினார். முன்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று காணாமல் போனது.

"இந்த விலாசம் எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "அந்த வீடு இப்ப இல்ல. அதுல இருந்தவரையும் தெரியும். ஆனா ஒருத்தரைக் கேக்காம நான் சொல்லக் கூடாது. வாக்கு குடுத்திருக்கேன். ரெண்டு நாள் பொறுங்க."

உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள். அவர் தலையசைத்தார். இருக்கிறார்.

அன்று அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் சத்தமில்லாமல் ஒரு கோப்பை டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பட்டறை அறைக்குப் போய்விட்டார். அழ விரும்புகிறவளை அழ விட்டுவிட்டு நகர்ந்து போகத் தெரிந்த ஆண்கள் எத்தனை பேர்...

மறுநாள் மதியம் கடை மூடும் இடைவேளையில் அவர் அவளுக்கு ரோடு கடக்கச் சொல்லிக்கொடுத்தார். மாஸ்டரம்மாவுக்கே வகுப்பு. முதல்ல இடது, அப்புறம் வலது, மறுபடி இடது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கழுத்து பழக்கதோஷத்தில் வலது பக்கமே திரும்பியது. உங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வைப்பேன் என்றாள். நாலு தடவை கடந்தார்கள். நாலாவது தடவை மழை தூறியது. அவர் குடையை விரித்தார். ஒரே குடை... இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணை இருவரும் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். அதனாலேயே ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது.

நடந்துகொண்டே அவள் அந்தக் கையெழுத்தின் கதையைச் சொன்னாள், அவர் தன் கதையையும் சொன்னார். கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை, எட்டு வருஷம் முன்பே சட்டப்படி முடிந்துவிட்டது. யார்மேலும் வருத்தமில்லை என்றார். அதைச் சொன்ன விதத்தில் உண்மை இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்தது என்று தெரிந்ததும் பயமும் வந்தது.

அதற்கும் மறுநாள் காலையில் புதுக் கண்ணாடி வாங்கக் கடைக்குப் போனாள். அவர் உள்ளறையில் இருந்தார். முன்மேஜையில் வெள்ளைத் தலையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்து, கண்ணாடிக் கூடு ஒன்றின்மேல் ஒட்டும் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மகன் எல்லாம் சொன்னான், உட்காரும்மா என்றார் அன்பாக.

அவள் உட்காரவில்லை. பார்வை அந்தச் சீட்டில் விழுந்துவிட்டது. நீண்டு, சுழித்து, கொடி சுற்றிய கொம்பு...

அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்த கையெழுத்து. அவள் அம்மாவை முப்பது வருஷம் அழ வைத்த கையெழுத்து. அது இவர் அம்மாவுடையதா?

கண்ணாடிக்காரர் வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"தெரிஞ்சுதான் என்னைக் குடைக்குள்ள கூட்டிட்டு நடந்தீங்களா?" என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கறுப்புச் சட்டத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். உங்கள் கடைப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம் என்றாள். புதுக் கண்ணாடியையும் தொடவில்லை. விறுவிறுவென்று வெளியேறினாள். ரோஷமான வெளியேற்றம்தான், குறை சொல்ல முடியாது. பத்தடி போனதும்தான் தெருவே தெரியவில்லை என்பது தெரிந்தது.

நடைபாதை விளிம்பில் நின்றாள். கலங்கலாக ஏதேதோ விரைந்து போயின. எது வண்டி, எது மழை? இடதா வலதா? அவளால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிப் போகவும் மனசு இடம் தரவில்லை. கண்ணீர் வேறு வந்து, இருந்த கொஞ்சநஞ்சப் பார்வையையும் கெடுத்தது.

பக்கத்தில் சாம்பல் நிறம் ஒன்று வந்து நின்றது. தொடவில்லை. பையைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

"திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றது. "ஆனா இதைப் படிச்சிட்டுத் திட்டுங்க. எங்கம்மா குடுத்தனுப்பினாங்க. என் கையெழுத்தால வந்த வினைன்னா, என் கையெழுத்தாலயே தீரட்டும்னாங்க."

ஒரு அட்டை கையில் வந்தது. கூடவே, அனுமதி கேட்பதுபோல ஒரு நொடி தயங்கி, புதுக் கண்ணாடியை அவர் மெல்ல அவள் முகத்தில் பொருத்தினார். உலகம் கூர்மையாக எழுந்து நின்றது.

அது கடையின் கண் பரிசோதனை அட்டை. மேலே அவள் அப்பாவின் பெயர். வரிசையாகத் தேதிகள், எல்லாம் அதே சுழித்த எழுத்தில். முதல் வருஷம், எல்லா வரியும் படிக்கிறார். அடுத்த வருஷம், பாதி வரி. கண் அழுத்த நோய் என்று ஒரு குறிப்பு. கடைசித் தேதிக்கு எதிரே: இரண்டு கண்ணிலும் பெரிய எழுத்தும் தெரியவில்லை.

உறையின்மேல் இருந்த தபால் முத்திரைத் தேதி அவளுக்கு மனப்பாடம். இது அதற்கு ஒரு மாசம் முந்தியது.

"அப்ப... அந்த லெட்டர்..."

"அவர் சொல்லச் சொல்ல எங்கம்மா எழுதினாங்க. கடை அப்ப அவங்களோடது, அது வாசல்ல உக்காந்து. பிறகு எழுதினதெல்லாம் திரும்பி வந்துடுச்சு. யாருக்கும் பாரமாகக் கூடாதுன்னு, யாராவது தேடி வந்தா இல்லன்னு சொல்லிடுங்கன்னு அவர் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டார். இந்த ரெண்டு நாளும் நான் அவர் கால்ல விழாத குறை. நீங்க வந்திருக்கீங்கன்னதுமே காதைப் பொத்திக்கிட்டார், மேல எதையும் கேக்கல, ஒத்துக்கல. சத்தியத்தை இப்ப மீறியாச்சு. பாவம் எனக்கு."

முப்பது வருஷம். ஒரு உறையைப் பிரிக்காததால் முப்பது வருஷம். அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபம் வரவும் இல்லை. நெஞ்சில் ஏறியிருந்த பெரிய பாரம் ஒன்று அப்படியே இறங்கியது. அப்பா ஓடிப்போகவில்லை... ஓடவே முடியாத நிலையில் இருந்திருக்கிறார்.

"பாவத்துல பாதி எனக்கு. வழி காட்டுங்க" என்றாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் பட்டறை. நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சக்கரத்தைச் சுழலவிட்டு, விரல் நுனியை விளிம்புக்கு அருகில் வைத்துக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தார். கண்கள் எங்கோ நிலைத்திருந்தன. காதும் விரலும்தான் வேலை செய்தன. காலடி கேட்டதும், வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றாள். "ஒரு லெட்டர் வந்திருக்கு. நீங்க போட்டது. முப்பது வருஷம் ஆகியும் பிரிக்காதது."

பெரியவர் உள்ளங்கையால் சக்கரத்தை நிறுத்தினார்.

"பிரிக்கலையா?" என்றார். "நான் இத்தனை நாளும்... படிச்சுட்டு வேண்டாம்னுட்டாங்கன்னுல்ல நினைச்சேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். படிக்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார். தாளைப் பார்க்காமல், பார்க்க முடியாமல், மனசிலிருந்து. அவள் விரல் வரிகளின்மேல் ஓடியது. ஒரு சொல் தவறவில்லை. மகள் எத்தனாம் வகுப்பு என்று கேட்டிருந்தார். மழைக்கு முன் கூரை ஓட்டை மாற்றச் சொல்லியிருந்தார். கண் போன விஷயத்தை இரண்டே வரியில் சொல்லியிருந்தார். கடைசி வரிக்கு வந்தபோது இருவர் குரல்களும் சேர்ந்துகொண்டன.

"கண்ணில்லாத புருஷன் வேணுமா வேண்டாமான்னு நீயே சொல்லு. பதில் வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருப்பேன்."

இருந்திருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, முப்பது வருஷம் இதே ஊரில்.

"அப்பா" என்றாள். அவர் கை காற்றில் தேடி, அவள் தலையைக் கண்டுபிடித்து, நெற்றி, மூக்கு, புதுக் கண்ணாடி என்று தடவியது. நீயும் கண்ணாடியாம்மா என்று கேட்டுவிட்டு உடைந்து அழுதார். கண்ணாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ விட்டுப்போன சைக்கிளின் மணியைத் தீவிரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தாள். அட்டையைப் படித்தாள். கடிதத்தைப் படித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வழக்கமான அதிகாரக் குரல்.

"அந்த மனுஷன் பக்கத்துல இருக்காரா? இருந்தா சொல்லு. கூரை ஓட்டை அப்பவே மாத்தியாச்சு. அவ வகுப்புல எப்பவும் முதல்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "மத்த கேள்விக்கு... வேணும். வேணும்னு சொல்லு. உடனே கிளம்பி வரச் சொல்லு. அந்த எழுதின அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னும் சொல்லு."

பெரியவர் எழுந்து நின்றார். எங்கே போகிறோம் என்றே தெரியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளைக் கோலம் அறுபத்தெட்டு வயதில் வருவதுண்டு, அன்று அந்தப் பட்டறையில் வந்தது.

அப்பாவுக்குப் பயணக் காகிதங்கள் தயாராக எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் எப்படிப் போனது என்று கேட்டால், கண்ணாடியின் மூக்குப் பிடி தினமும் தளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் சரிசெய்ய வேண்டியிருந்தது. புதுக் கண்ணாடி இப்படித் தளருமா என்று அந்த வெள்ளைத்தலை அம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டார். மகன் திருப்புளியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்தில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு அவள் வாசல்வரை வந்தாள். கண்ணாடிக்காரர் சாம்பல் நிறச் சட்டையோடு நின்றார். முதல் நாள் மாதிரியே புருவத்தில் மழைத்துளி. பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். ஒட்டிய உறை. அவள் பெயர். கொடி சுற்றிய கொம்புகள்... அம்மாவின் கையெழுத்து மகனுக்கும் வந்திருந்தது.

"வாயால சொல்ல வரல" என்றார். "ஊருக்குப் போய் நிதானமா படிங்க. அவசரமில்ல."

கை பழக்கத்தில் உறையைப் பைக்குள் போடப் போனது. நிதானமாக... பிறகு... வீட்டுக்குப் போய்... உள்ளே அந்த இரண்டாவது பிரேக் தயாராக இருந்தது. கணவரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது அவளைத் தடுக்கவில்லை, முன்னால் தள்ளியது.

அங்கேயே, அவர் கண்முன்னாலேயே, சரக்கென்று கிழித்தாள்.

ஒரே ஒரு வரி. 'ஆயுசு முழுக்க ஒரே குடையில், நடுவில் அந்த ஒரு சாண் இல்லாமல், உங்களோடு நடக்க ஆசை. சம்மதமா?'

படித்தாள். நிமிர்ந்தாள். இந்தத் தடவை அவர் கண்களை நேராகப் பார்த்தாள். வெட்கம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எங்க வீட்டுல லெட்டர் போட்டா பதில் வர முப்பது வருஷம் ஆகும்" என்றாள். "அதனால இனிமே எழுதாதீங்க. நேர்ல வாங்க. எங்கம்மாகிட்ட வந்து பேசுங்க. உங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அப்ப... இந்த லெட்டருக்கு?"

அவள் அந்த ஒரு சாணைக் கடந்து வந்தாள். இடதும் பார்க்கவில்லை, வலதும் பார்க்கவில்லை.

"வேணும்" என்றாள்.